பழைய பைக்கின் சேஃப்டி சுவிட்சுகள்: பழுது பார்ப்பதா, ‘டைரக்ட்’ பண்ணுவதா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“சுவிட்ச் போயிடுச்சு சார், டைரக்ட் பண்ணிட்டேன், இனிமே தொல்லை இல்லை.” பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சுவிட்சை ஒதுக்கிவிட்டு ஒயரை நேராக இணைப்பதற்குத்தான் டைரக்ட் என்று பெயர். சில சமயம் அதில் தப்பில்லை. பல சமயம், பழுது எங்கே என்று தேட நேரமில்லாததால் செய்யப்படுகிறது. கீழே வருவதெல்லாம் 2020இல் பிஎஸ்6 (புகை விதிமுறை) வருவதற்கு முந்தைய வண்டிகளுக்கு, அதிலும் முக்கியமாகக் கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு.

சேஃப்டி சுவிட்ச் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், கில் சுவிட்ச் (ஹேண்டிலில் இருந்தே இன்ஜினை அணைப்பது), முன் பின் பிரேக் லைட் சுவிட்சுகள். எல்லா வண்டியிலும் எல்லாமும் இருக்காது. ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்பிளெண்டர், சிடி 100 போன்றவற்றில் சைடு ஸ்டாண்டுக்கு சுவிட்சே கிடையாது. பழைய புல்லட், ஜாவா, எஸ்டி வகையறாவில் முன் பிரேக்குக்கு லைட் சுவிட்ச் இல்லாதவை உண்டு. முதல் வேலை, உங்கள் வண்டியில் கம்பெனி எதைக் கொடுத்தது என்று தெரிந்துகொள்வது. இல்லாத சுவிட்சைத் தேடிப் பாதி நாளைக் கழித்தவர்கள் உண்டு. அதைவிட மோசம், முந்தைய ஓனர் டைரக்ட் பண்ணி டேப் சுற்றி வைத்ததை ‘ஒரிஜினல் ஒயரிங்’ என்று நம்பிக்கொண்டிருப்பது.

டைரக்ட் பண்ணுவது என்றால் இரண்டு ஒயரையும் முறுக்கி விடுவதுதானே?

எல்லா சுவிட்சுக்கும் அது பொருந்தாது. சில சுவிட்சுகள் இணைத்தால் வேலை நடக்கும். சில சுவிட்சுகள் இணைத்தால் வேலை நின்றுபோகும். கிளட்ச் சுவிட்ச் பெரும்பாலும் முதல் வகை: லீவரைப் பிடித்தால் தொடர்பு கிடைக்கிறது, செல்ஃப் சுற்றுகிறது. சிடிஐ (ஸ்பார்க் தரும் எலக்ட்ரானிக் பெட்டி) வண்டியின் இக்னிஷன் சாவி நேர்மாறு: ஆஃப் செய்யும்போதுதான் தொடர்பு கிடைக்கிறது, அந்தத் தொடர்பு ஸ்பார்க்கை எர்த்துக்கு இழுத்து இன்ஜினை அணைக்கிறது. அங்கே போய் ஒயரை முறுக்கினால் வண்டி ஒருபோதும் ஸ்டார்ட் ஆகாது.

சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் இரண்டு விதமும் உண்டு. கப்ளரை (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்கை) கழற்றி, மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, ஸ்டாண்டை ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை பாருங்கள். ஏற்றும்போது பீப் வந்தால் வண்டி ஓட அந்தத் தொடர்பு வேண்டும் என்று பொருள். இறக்கும்போது பீப் வந்தால் அந்தத் தொடர்புதான் இன்ஜினை நிறுத்துகிறது. இரண்டு நிலையிலும் ஒரே பதில் வந்தால் சுவிட்ச் போய்விட்டது. மல்டிமீட்டர் இல்லாதவர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. ஒருமுறை தவறான ஒயர் கிட் மாட்டும் செலவைவிடக் குறைவுதான்.

நியூட்ரலில் நன்றாக ஓடுகிறது. முதல் கியர் போட்டதும் அணைந்துவிடுகிறது. என்ன காரணம்?

சைடு ஸ்டாண்ட் கட்-ஆஃப், அதாவது ஸ்டாண்டு இறங்கியிருக்கக் கியர் போட்டால் இன்ஜினை அணைக்கும் ஏற்பாடு, உள்ள வண்டிகளில் (கேடிஎம் டியூக் போல) இது அச்சு அசலான அறிகுறி. ஸ்டாண்டு ஏறியிருந்தும், ஏறவில்லை என்று வண்டி நினைக்கிறது.

நேராக சுவிட்சைக் குறை சொல்லாதீர்கள். முதலில் ஸ்டாண்டையே பாருங்கள். கீல் போல்ட்டில் சேறும் பழைய கிரீஸும் சேர்ந்து இறுகி, ஸ்டாண்டு கடைசி விரற்கடை ஏறாமல் நின்றிருக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் அதே கதை. கையால் ஸ்டாண்டை மேலே தூக்கிப் பிடித்தபடி கியர் போட்டுப் பாருங்கள் (சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடாமல்). அணையாமல் ஓடினால் சுவிட்ச் நல்ல சுவிட்ச்; போல்ட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து, ஸ்பிரிங்கை மாற்றினால் முடிந்தது.

அப்படியும் அணைந்தால் சுவிட்சிலிருந்து மேலே போகும் ஒயரைப் பின்தொடருங்கள். ஸ்டாண்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் வளைகிற இடம் ஒன்று இருக்கும். வெளித்தோல் முழுசாக இருக்க உள்ளே செம்பு இழை மட்டும் அறுந்திருப்பது அங்கேதான். விரலால் வளைத்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தால் பீப் விட்டு விட்டு வரும். அடுத்தது கப்ளர்: திறந்து பார்த்தால் பின்கள் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வண்டி நிற்கிறது என்றால் கப்ளரில்தான் தொடங்குங்கள்.

புதிய மாதிரிகளில் சுவிட்ச் காந்த வகையாக இருக்கும். ஸ்டாண்டில் சின்னக் காந்தம், ஃபிரேமில் சென்சார். இதில் இரும்புத் துகள் ஒட்டுவதும், காந்தம் விழுந்துவிடுவதும்தான் வழக்கமான தொல்லை.

அப்படியானால் சைடு ஸ்டாண்ட் சுவிட்சை நிரந்தரமாக டைரக்ட் பண்ணிவிடலாமா? கம்பெனியே பழைய வண்டிகளில் கொடுக்கவில்லையே?

வழியில் நின்றுவிட்டால் வீடு வரை வர டைரக்ட் பண்ணுங்கள்; அதில் தவறில்லை. டேங்கின் மேல் கண்ணில் படும்படி ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், மறுநாள் மறக்காமல் இருக்க. நிரந்தரமாக வேண்டாம் என்பதுதான் என் பதில்.

ஏன் என்றால், நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம், ஸ்டாண்டும் இடதுபக்கம்தான் இருக்கிறது. தெருமுனையில் இடதுபக்கம் திரும்ப வண்டியைச் சாய்த்தால் ஸ்டாண்டின் நுனி தரையில் ஊன்றும். ஊன்றினால் பின்சக்கரத்தின் பாரம் ஸ்டாண்டுக்கு மாறி, டயர் பிடியை இழக்கிறது. திருப்பிய ஹேண்டிலும் பலிக்காது. ஓட்டுபவர் உஷாராகும் முன் வண்டி நேராக எதிர்ப்பக்கம் போய்விடும்.

‘கம்பெனியே கொடுக்கவில்லையே’ என்ற வாதத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. சுவிட்ச் இல்லாத வண்டியை ஓட்டிப் பழகியவர் ஸ்டாண்டைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். சுவிட்ச் உள்ள வண்டியில் பழகியவருக்கு அந்தப் பழக்கம் இருக்காது. அந்த வண்டியை நீங்கள் டைரக்ட் பண்ணி வைத்திருப்பது, இரவல் வாங்கிப் போகும் தம்பிக்கும் தெரியாது.

என் வண்டி ஆர்எக்ஸ் 100. சுவிட்சே இல்லை. என்ன செய்வது?

ஊரே பார்த்துக்கொள்ளும் என்று விடலாம்! சிக்னலில் நின்றால் பின்னால் வருகிறவர் “அண்ணே, ஸ்டாண்டு!” என்று கத்துவது நம் தெருக்களின் நல்ல வழக்கம். ஆனாலும் நள்ளிரவுச் சாலையில் கத்த ஆள் இருக்காது.

குறைந்த செலவில் செய்யக்கூடியது: நல்ல ஸ்பிரிங், நல்ல கீல் போல்ட், அவ்வளவுதான். பின்னுக்குத் தள்ளிய ஸ்டாண்டு பாதியில் தொங்காமல் ‘டக்’கென்று மேலே போய் ஒட்ட வேண்டும். அடுத்த படி, பஸ்ஸர். ஸ்டாண்டு இறங்கியிருந்து சாவி ஆனில் இருந்தால் கத்தும் வகையில் ஒரு சுவிட்ச், ஒரு சின்ன பஸ்ஸர் மாட்டலாம். மின்சாரத்தை பியூஸுக்குப் பிறகு எடுங்கள், நேராக பேட்டரியிலிருந்து எடுக்காதீர்கள். இன்ஜினை அணைக்கும் சுவிட்சாக நீங்களே மாட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. மலிவான சுவிட்ச் ஓடும்போது ஒருமுறை தவறாகத் தொட்டால், லாரிக்கு முன்னால் வண்டி அணையும். பஸ்ஸர் தவறினால் சத்தம் மட்டும்தான்.

கிளட்ச் பிடித்தும் செல்ஃப் எடுக்கவில்லை. நியூட்ரலில் எடுக்கிறது.

கிளட்ச் சுவிட்ச் அல்லது அதன் லீவர். லீவரின் அடியில் இருக்கும் சின்ன பிளஞ்சரை (அழுத்தும் குமிழை) விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள்; மெல்லிய ‘டிக்’ சத்தம் வர வேண்டும். பழைய வண்டிகளில் லீவர் போல்ட்டும் புஷ்ஷும் தேய்ந்து லீவர் மேலும் கீழும் ஆடும். ஆடும்போது பிளஞ்சரை முழுதாக விடுவிக்காது. சுவிட்ச் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் லீவரை மாற்ற வேண்டியவர்கள். கிளட்ச் கேபிளின் ஃப்ரீ பிளேவையும் (லீவரின் தளர்வையும்) பார்த்துக்கொள்ளுங்கள். ஹோண்டா வகை 100 சிசி வண்டிகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் என்பது வழக்கமான அளவு.

சந்தேகம் தீர, சுவிட்சின் இரண்டு டெர்மினலையும் கழற்றி ஒரு துண்டு ஒயரால் இணைத்து, நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, செல்ஃப் அழுத்துங்கள். ஓடினால் சுவிட்ச்தான். இதை அப்படியே விட்டால் என்ன என்று கேட்டால், மற்ற டைரக்ட்களைவிட ஆபத்து குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கியரில் நிற்கும் வண்டியில் யாராவது செல்ஃப் பட்டனைத் தொட்டால் வண்டி முன்னால் பாயும். வீட்டில் பட்டனைக் கண்டால் அழுத்தும் வயதில் குழந்தை இருந்தால் புது சுவிட்ச் போட்டுவிடுங்கள்.

நியூட்ரல் லைட் எரியவில்லை. இதெல்லாம் ஒரு பிரச்சினையா?

கிக் வண்டியில் வெறும் எரிச்சல். செல்ஃப் ஸ்டார்ட், ஸ்டாண்ட் கட்-ஆஃப் உள்ள வண்டியில் பெரிய குழப்பம், ஏனென்றால் ‘நியூட்ரலில் இருக்கிறேன்’ என்ற செய்தியை வைத்துத்தான் மற்ற இரண்டும் முடிவெடுக்கின்றன.

நியூட்ரல் சுவிட்சுக்குப் பெரும்பாலும் ஒரே ஒயர். நியூட்ரலில் அதை எர்த்தோடு தொடவைக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது. ஆகவே அந்த ஒயரைக் கழற்றி இன்ஜின் பாடியில் தொடுங்கள், சாவி ஆனில். விளக்கு எரிந்தால் சுவிட்சில் கோளாறு. எரியாவிட்டால் பல்பு அல்லது ஒயர். சுவிட்சைக் கழற்றுவதானால் ஓ-ரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் ஆயில் கசியும்.

இன்னொரு விநோதம்: கியரில் இருக்கும்போது கிளட்ச் பிடித்தால் பச்சை விளக்கு எரிகிறது என்பார்கள். அது பேயும் இல்லை, சுவிட்சும் இல்லை. இரண்டு சர்க்யூட்டும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுக்கும் டையோடு ஷார்ட் ஆகியிருக்கும்.

சாவியை ஆஃப் செய்தாலும் வண்டி நிற்கவில்லை. அல்லது ஸ்பார்க்கே வரவில்லை. சாவி சுவிட்சா, கில் சுவிட்சா?

இதற்குப் பதில் சொல்ல உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். மெக்கானிக்குகளே தடுமாறும் இடம் இது.

ஒன்று, பாயின்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் காண்டாக்ட்) வைத்த பேட்டரி இக்னிஷன். பழைய புல்லட் நல்ல உதாரணம். பேட்டரியிலிருந்து காயிலுக்கு வரும் மின்சாரத்தை சுவிட்ச் வெட்டினால் இன்ஜின் அணையும். இங்கே சுவிட்ச் கெட்டால் வண்டி நிற்கும். அல்லது களிம்பு பிடித்துப் பாதி மின்சாரமே போய், வெயிலில் நன்றாக ஓடி மழையில் இருமும். சோதிக்க ஒரு எளிய வழி: மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை காயிலின் பிளஸ்ஸிலும் வையுங்கள். சாவி ஆன், பாயின்ட் மூடிய நிலை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ சுவிட்சோ கப்ளரோ மின்சாரத்தைத் தின்கிறது. சாவியை அசைக்கும்போது எண் மாறினால் சாவி சுவிட்ச். கில் சுவிட்சைத் தட்டும்போது மாறினால் அது.

இரண்டு, மேக்னட்டோவில் ஓடும் சிடிஐ. பழைய ஸ்பிளெண்டர் வகை. இதற்கு பேட்டரி தேவையே இல்லை. நிறுத்துவதற்காக மட்டும் ஒரு கில் ஒயர் போகிறது. ஜப்பானிய வம்சத்து வண்டிகளில் பெரும்பாலும் கறுப்பில் வெள்ளைக் கோடு. அது எர்த்தைத் தொட்டால் ஸ்பார்க் செத்துவிடும். எனவே ஹெட்லைட் டூமுக்குள் அந்த ஒயர் தோல் உரிந்து பாடியில் உரசினால், எல்லாம் நன்றாக இருந்தும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. நேர்மாறாக, அந்த ஒயர் அறுந்துவிட்டால் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஸ்பார்க் இல்லாத சிடிஐ வண்டியில், சிடிஐ கப்ளரிலிருந்து கில் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். ஸ்பார்க் வந்தால் சிடிஐ, காயில் எல்லாம் நலம்; பழுது சுவிட்சிலோ ஒயரிலோ. சிடிஐ போய்விட்டது என்று புதிது வாங்கிய பலருக்கு இந்த ஒரு சோதனை அந்தச் செலவை மிச்சம் பிடித்திருக்கும். கழற்றிய நிலையில் சாவியால் அணைக்க முடியாது. டாப் கியர் போட்டு, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து, கிளட்சை மெல்ல விட்டு அணைக்க வேண்டும். அப்படியே விட்டால் சாவி வெறும் அலங்காரம். யார் வேண்டுமானாலும் உதைத்து ஓட்டிப் போகலாம்.

கில் சுவிட்சை யாரும் பயன்படுத்துவதில்லையே. டைரக்ட் பண்ணினால் என்ன?

ஆக்சிலேட்டர் கேபிள் துருப்பிடித்தோ, கார்புரேட்டர் ஸ்லைடு சிக்கியோ, முறுக்கிய கை திரும்பாமல் நின்றுவிடுவது பழைய வண்டிகளுக்கே உரிய நோய். அந்த நேரத்தில் கிளட்சைப் பிடித்தபடி, வலது கட்டைவிரலால் இன்ஜினை அணைக்க முடிவது கில் சுவிட்சில் மட்டும்தான். சாவியைத் தேடி ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுக்க வேண்டாம். சாவியிலேயே ஹேண்டில் லாக் உள்ள வண்டி என்றால், பதற்றத்தில் கூடுதலாகத் திருகிவிடும் பயமும் இல்லை.

பயன்படுத்தாததால்தான் கெடுகிறது என்பதும் உண்மை. வாரம் ஒருமுறையாவது வண்டியை அதில் அணையுங்கள். உள்ளே காண்டாக்ட் தானே உரசிச் சுத்தமாகும். அணைத்ததை மறந்து மறுநாள் காலை உதைத்து உதைத்து வியர்ப்பது தனிக் கதை.

பிரேக் லைட் எப்போதும் எரிகிறது, அல்லது எரிவதே இல்லை.

இந்தப் பட்டியலிலேயே முக்கியமானது இதுதான், ஆனால் யாரும் கவலைப்படாததும் இதுதான். ஓட்டுபவருக்குத் தெரிவதில்லையே!

பின் பிரேக் சுவிட்ச் ஃபிரேமில் மாட்டியிருக்கும் ஒரு சின்ன உருளை. பெடலிலிருந்து மெல்லிய ஸ்பிரிங் அதை இழுக்கும். உருளையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் நட். அட்ஜஸ்ட் செய்யும்போது உருளையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். உருளையைத் திருப்பினால் ஒயர் முறுக்கி அறுந்துவிடும். சுவிட்ச் மேலே ஏறினால் லைட் சீக்கிரம் எரியும், இறங்கினால் தாமதமாக எரியும். பெடலின் தளர்வு முடிந்து, பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் எரிய வேண்டும். பிரேக் ராடை அட்ஜஸ்ட் செய்யும்போதெல்லாம் இதையும் பாருங்கள். ராடை மாற்றினால் லைட் எரியும் நேரமும் மாறிவிடும்.

எப்போதும் எரிந்தால் பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பது தெரியாது. பேட்டரிக்கும் அடி. 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு என்பது ஏறக்குறைய 1.75 ஆம்பியர். கிக் ஸ்பிளெண்டரின் பேட்டரியோ 2.5 ஆம்பியர்-ஹவர்தான். டிராஃபிக்கில் மெதுவாக ஊர்ந்துகொண்டே போனால் சார்ஜிங் ஈடுகொடுக்காது; ஹார்ன் முனக ஆரம்பிக்கும். பேட்டரி போய்விட்டது என்று மாற்றுவார்கள், புது பேட்டரிக்கும் அதே கதி.

எரியாவிட்டால் முதலில் பல்பின் இரண்டு இழைகளில் ஒன்று போயிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஹோல்டரின் எர்த். சுவிட்சுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். இந்த சுவிட்சை டைரக்ட் பண்ணுவதில் அர்த்தமே இல்லை.

சுவிட்சுகளைச் சுத்தம் செய்ய பெட்ரோல் போதுமா? டபிள்யூடி-40?

பெட்ரோல் வேண்டாம். பழைய பிளாஸ்டிக்கையும் ரப்பர் மூடியையும் கெடுக்கும், பக்கத்தில் பேட்டரி வேறு. எலக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கடையில் கிடைக்கும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், அதற்காக மழைக்குப் பின் அடிக்கலாம். ஆனால் அது மட்டும் போதாது, தூசியைப் பிடித்துவைக்கும். ஹேண்டில் சுவிட்சைப் பிரிக்கும்போது ஒரு வெள்ளைத் துணியை அடியில் விரியுங்கள். உள்ளே இருக்கும் குட்டி ஸ்பிரிங்கும் குண்டும் தெறித்து ஓடும். களிம்பை நைஸ் எமெரி தாளால் லேசாகத் தேய்த்து, கிளீனர் அடித்து, காய்ந்ததும் மிக மெல்லியதாக சிலிக்கான் கிரீஸ் வைத்து மூடுங்கள். கப்ளருக்கும் அதே மருந்து.

வாட்டர் வாஷில் பிரஷர் துப்பாக்கியை ஹேண்டில் சுவிட்ச், சாவித்துவாரம், கப்ளர் பக்கம் காட்டக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காட்டுவார்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியின் டில்ட் சென்சாரை?

தொடாதீர்கள். வண்டி விழுந்தால் பெட்ரோல் பம்பையும் இன்ஜினையும் நிறுத்துவது அது. விழுந்து எழுந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் அது போதும்.

எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சோதனைக்கு) போனால் இதெல்லாம் பார்ப்பார்களா?

பதிவுச் சான்றிதழ் 15 ஆண்டுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்படுகிறது. அப்போது ஆய்வாளர் பிரேக் லைட், ஹார்ன், இண்டிகேட்டர், ஹெட்லைட் வேலை செய்வதைப் பார்ப்பார். கிளட்ச் சுவிட்சை யாரும் தேட மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவு விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சுவிட்சுக்கு அது நேரடியாகப் பொருந்துமா என்று வாதாடலாம். பிரேக் லைட் இல்லாமல் பின்னால் வந்தவர் மோதினால் அந்த வாதம் உதவாது.

டூப்ளிகேட் சுவிட்ச் போடலாமா?

சென்னையில் புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. ஆர்எக்ஸ் 100 மாதிரி உற்பத்தி நின்ற வண்டிகளுக்கு, நல்ல நிலையில் இருக்கும் பழைய ஒரிஜினல் ஹேண்டில் சுவிட்ச், பளபளக்கும் புது டூப்ளிகேட்டைவிட மேல். உள்ளே பித்தளைத் தகட்டின் கனத்தைப் பார்த்தாலே தெரியும். வாங்கும் இடத்திலேயே மீட்டரை வைத்து ஆன், ஆஃப் இரண்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முறைத்தால் அடுத்த கடை.

பழைய வண்டி வாங்கப் போகிறேன். டைரக்ட் பண்ணியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓனர் பேசிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் கையை வேலை செய்ய விடுங்கள். இன்ஜின் ஓடும்போது கில் சுவிட்சைத் தட்டுங்கள், அணைய வேண்டும். சாவியை எடுங்கள், அணைய வேண்டும். ஸ்டாண்ட் கட்-ஆஃப் உள்ள மாடல் என்றால், கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டு இறங்கியிருக்கக் கியர் போடுங்கள், அணைய வேண்டும். பின் பிரேக்கை லேசாக மிதித்து, சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா பாருங்கள். பிறகு ஹெட்லைட் டூமைத் திறக்கச் சொல்லுங்கள். கம்பெனி ஒயரின் நிறத்துக்குச் சம்பந்தமில்லாத ஒயரும், வெயிலில் பசை உருகிய கறுப்பு டேப்பும் எத்தனை இடத்தில் இருக்கின்றனவோ, அத்தனைக்கும் விலையில் குறைத்துக் கேளுங்கள்.